ஊதத் தெரிந்தவனுக்கு இழுக்கத் தெரியவில்லை

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் நான் கண்டக்டர். மலை ரூட்டைக் கேட்டு வாங்கியவன். கீழே என்றால் டிக்கெட் கிழித்தால் வேலை முடிந்தது. மலையில் அப்படியில்லை. வளைவில் எதிரே லாரி வந்தால் நம் வண்டி பின்னால் போக வேண்டும். நான் இறங்கி வண்டிக்குப் பின்னால் நின்று விசில் கொடுப்பேன். விட்டு விட்டு ஊதினால் வரலாம், நீளமாக ஊதினால் நிறுத்து. டிரைவருக்கு முதுகில் கண் என்றால் அது என் விசில்தான். அந்தப் பெருமை எனக்கு ஜாஸ்தி, ஒத்துக்கொள்கிறேன்.

அதே விசில் ஒரு நாள் என் மானத்தை வாங்கியது. மரவள்ளிக் கிழங்கு லாரிக்கு வழிவிட வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தது. புழுதியும் கரும்புகையும் நேராக என் முகத்தில். நிறுத்தச் சொல்லி ஊதப் போனேன், காற்றே வரவில்லை. நெஞ்சு பூட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து பூனைக்குட்டி போல் கீச் கீச்சென்று சத்தம். வண்டியின் பக்கத்தில் ஓடி தகரத்தைப் படபடவென்று தட்டினேன். பள்ளத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

டிரைவர் இறங்கி வந்தார். என்னைவிட மூத்தவர்.

"யோவ், இன்னாய்யா ஆச்சு உனுக்கு? உள்ள அம்பது உசுரு குந்திக்கினு இருக்குது! ஒரு மாசம் பாப்பேன். சரியாவலன்னா நானே ஆபீஸ்ல சொல்லி உன்னக் கீழ் ரூட்டுக்கு மாத்திடுவேன்."

வண்டியில் சாய்ந்து மூச்சு வாங்கினேன். கோபம் வந்தது. அவர் சொன்னது நியாயம் என்பதால் இன்னும் கோபம் வந்தது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். "இது சளி இல்லீங்க, ஆஸ்துமா," என்றார் டாக்டரம்மா. "நுரையீரல்ல மூச்சுக்குழாய் கிளை கிளையா பிரிஞ்சு போவுது. புழுதி, புகை பட்டா உங்களுக்கு அது வீங்கி இறுகிடுது. காத்து உள்ள போயிடும், வெளிய வரதுதான் கஷ்டம்."

அடப்பாவி, அதனால்தான் விசில் வரவில்லையா! தூள் மருந்து அடைத்த கேப்சூலும், அதைப் போட்டுத் திருகும் சின்னக் கருவி ஒன்றும் கொடுத்தார்கள். நர்ஸம்மா விளக்க ஆரம்பித்ததும், "தெரியும் தெரியும், வண்டிக்கு நேரமாவுது" என்று பிடுங்காத குறையாக வாங்கி வந்துவிட்டேன்.

காலையும் மாலையும் தவறவிட்டதே இல்லை. பதினைந்து நாளாகியும் கீச் கீச் போகவில்லை. மருந்தை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே திரும்பப் போனேன்.

"எப்டி எடுக்கறீங்க, காட்டுங்க," என்றார் நர்ஸம்மா.

கருவியை வாயில் வைத்து, இருபது வருடப் பழக்கம், ஓங்கி ஊதினேன். வெள்ளைத் தூள் புஸ்ஸென்று பறந்து அவர் கண்ணாடியில் படிந்தது.

"ஐயோ அண்ணே! இது விசில் இல்லண்ணே! உள்ள இழுக்கணும்!"

வரிசையில் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். பதினைந்து நாள் மருந்தையும் வீட்டுச் சுவருக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சுவருக்கு இனி ஆஸ்துமா வராது.

இந்த முறை வாயை மூடிக்கொண்டு கற்றுக்கொண்டேன். முதலில் மூச்சை வெளியே விட்டுவிட வேண்டும். பிறகு கருவியைக் கவ்வி வேகமாக, ஆழமாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். கடைசியில் வாய் கொப்பளிக்க வேண்டும். வண்டிக்குப் பின்னால் நிற்கும்போது மூக்குக்குத் துண்டு கட்டினேன். வண்டியில் பீடி பற்றவைத்த ஒருவரைக் கரியாலூரிலேயே இறக்கிவிட்டேன். அவர் விட்ட சாபம் இன்னும் பலிக்கவில்லை.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில் அதே வளைவு, எதிரே இன்னொரு கிழங்கு லாரி. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"முடியுமாய்யா?"

விட்டு விட்டு ஊதினேன். வண்டி வந்தது. பள்ளத்துக்கு இரண்டு முழம் இருக்கையில் நெஞ்சு நிறைய இழுத்து, நீளமாக ஒன்று விட்டேன். வண்டி நின்றது. நான் ஊதுவதை நிறுத்தவில்லை. லாரி தாண்டிப் போன பிறகும் ஊதினேன். பாறையில் பட்டு விசில் திரும்பி வந்தது, அதற்கும் சேர்த்து ஊதினேன். எவ்வளவு சந்தோஷம்!

"போதும்யா சாமி, காது கிழியுது!"

"கீழ் ரூட்டுக்கு எப்பண்ணே மாத்தறீங்க?" என்று கத்தினேன்.

"உன்ன மாத்திட்டு இங்க எவன் ஊதுவான்? ஏறுய்யா!"