வெட்சிப்பூவில் நின்ற பூச்சி

மயிலம்மா வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியைப் பதினோரு வருடமாகக் கூட்டித் துடைத்துவந்தாள். பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவள்தான். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கல்யாணமாகிக் கொலன்னாவைக்கு வந்தவள்.

போன மார்ச்சில் ஒரு காலை, தொடர்மாடிச் சங்கச் செயலாளர் லோகேஸ்வரன் வாசலில் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். வெட்சிப்பூவின் முன்னால் ஏதோ ஒன்று அந்தரத்தில் நின்று தேன் குடித்தது.

“ஹம்மிங் பேர்ட்! எங்கட ஃபிளாட்டுக்கே வந்திட்டுது!”

“அது குருவி இல்லீங்கய்யா, அந்துப்பூச்சி,” என்றாள் மயிலம்மா. “தேன்சிட்டுன்னா காம்புல உக்காந்து அலக விட்டுக் குடிக்கும். இதுக்கு அலகே இல்ல. சுருட்டி வச்ச நாக்க நீட்டுது பாருங்க. தலையில மீச வேற. எங்க தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால கோப்பிச் செடியில இதோட புழு நெறைய கெடக்கும்.”

“நீ கூட்டுற வேலையைப் பார்.”

வீடியோ வட்ஸ்அப்பில் சுற்றியது. ‘குருவி’க்காக வாசலில் சீனித்தண்ணீர்ப் போத்தல் தொங்கியது.

சில வாரம் கழித்து, சட்டியில் நின்ற கார்டினியாச் செடியின் இலைகளில் வாலில் கொம்பு முளைத்த பச்சைப் புழுக்கள். லோகேஸ்வரன் பூச்சிமருந்தைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்.

“நீங்க படம் புடிச்சதோட புள்ளைங்கதான்யா இதுங்க. நான் அடிக்கமாட்டேன்.”

அவரே அடித்தார். மறுநாள் சுருண்டு கிடந்தவற்றை அவள்தான் கூட்டி அள்ளினாள்.

மே மாதச் சங்கக் கூட்டம் கீழ்த்தளத்தில் நடந்தது. “மயிலம்மா ஒழுங்காத் தண்ணி ஊத்திறேல்லை. அதாலதான் அந்தக் குருவி வாறேல்லை,” என்றார் லோகேஸ்வரன்.

ஓரமாகக் கூட்டிக்கொண்டிருந்த மயிலம்மா தும்புத்தடியைச் சுவரில் சாத்தினாள். “புழுவையெல்லாம் மருந்தடிச்சுக் கொன்னது நீங்க, பழி எனக்கா? குருவின்னா சீனித்தண்ணி, பூச்சின்னா நஞ்சா? அதே உசுருதானேய்யா!”

மூன்றாம் மாடி மஸாஹிரா டீச்சர் போனில் தேடிப் பார்த்தார். “மயிலம்மா சொல்றது சரிதான். ஹம்மிங் பேர்ட் இலங்கையிலயே இல்லையாம். இது பூச்சிதான். அந்தப் புழுவும் இதோடதுதான்.”

லோகேஸ்வரனின் முகம் சிவந்தது. “எல்லாருக்கும் முன்னால சத்தம் போட்டதுக்கு மன்னிப்புக் கேள். இல்லாட்டி நாளைக்கு வராதே.”

“கேக்கமாட்டேன்,” என்று சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு மயிலம்மா பஸ் ஏறினாள்.

இப்போது தெஹிவளையில் மஸாஹிராவின் தங்கை இருக்கும் ஃபிளாட்டில் வேலை. செடிக்கு மருந்தடிக்கச் சொல்லக்கூடாது என்று முதல்நாளே கறாராகப் பேசிவிட்டுத்தான் வாளியைத் தூக்கினாள்.