நீலச் சீட்டு எலிகள்

தாய்லாந்தின் கோன் கேனில் எங்கள் பல்கலைக்கழகத்தின் எலிக்கூடத்தை இருபத்திரண்டு வருஷமாகக் கவனித்துவந்தவர் லம்துவான் அக்கா. தீனி போடுவது, கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது அவர் வேலை. நரம்பை மெல்லிசாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. உயிரோடு இருக்கும்வரை எலிகள் அவரிடம், பிறகு என்னிடம்.

டாக்டர் ஒரவீயின் ஆராய்ச்சி மூன்றாம் வருஷத்தில் இருந்தது. எலியின் பின்னங்காலுக்குப் போகும் நரம்பில் ஒரு சென்டிமீட்டரை வெட்டி எடுத்துவிட்டு, இடைவெளியில் பட்டால் செய்த சின்னக் குழாயை வைத்துத் தைப்பார். நரம்பு அதற்குள் வளர்ந்து மறுமுனையைப் பிடிக்க வேண்டும். பன்னிரண்டு எலிகளின் குழாய்க்குள் ஆய்வகத்தில் வளர்த்த செல்கள் இருந்தன. அவற்றின் கூண்டுகளில் சிவப்புச் சீட்டு. இன்னொரு பன்னிரண்டுக்கு வெறும் குழாய், நீலச் சீட்டு. சிவப்பு நன்றாக நடக்க வேண்டும், நீலம் காலை இழுக்க வேண்டும். அப்போதுதான் செல்களால் பலன் உண்டு என்று சொல்ல முடியும்.

வாரம் ஒருமுறை எலிகளின் பின்பாதங்களில் மை தடவி, வெள்ளைத் தாள் விரித்த குறுகலான மரப்பாதையில் நடக்கவிடுவோம். நல்ல கால் விரல்களை விரித்துப் பதியும். நரம்பு போன கால் கோடு இழுக்கும்.

எட்டாவது வாரத் தாள்களை மேஜையில் பரப்பிவைத்து, டாக்டர் ஒவ்வொரு தடத்தையும் அளவுகோல் வைத்து அளந்தார்.

“நீலமும் சிவப்பும் ஒரே மாதிரி நடக்குது,” என்றார் கடைசியில்.

“சீட்டு மாறியிருக்குமோ, டாக்டர்?”

“மூணு தடவை பாத்துட்டேன். மாறல.”

ஒவ்வொரு வகையிலும் இரண்டு எலிகளை முன்கூட்டியே எடுத்துச் சீவிப் பார்த்தேன். சிவப்பின் குழாய்க்குள் நரம்பிழைகள் நெருக்கமாக வளர்ந்திருந்தன. நீலத்தில் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

“இத வச்சுக்கிட்டு எப்படி நடக்குது?” என்றார்.

“தெரியல, டாக்டர்.”

“எலிக்குத் தெரிஞ்சிருக்கும்.”

மறுநாள் காலை ஆறரைக்கு எலிக்கூடத்துக்குப் போனேன். லம்துவான் அக்கா ஒரு பேசின் முன்னால் குந்தியிருந்தார். வெந்நீரில் ஒரு எலி நீந்திக்கொண்டிருந்தது. அதன் வயிற்றை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

“காலை உதைடி, உதை. சோம்பேறி. நேத்து உன் கூட்டாளிங்க ரெண்டு பேரைத் தூக்கிட்டுப் போனவன் இதோ வந்து நிக்கிறான் பாரு.”

“அக்கா, என்ன பண்றீங்க?”

“பாத்தா தெரியல? நீச்சல்.”

ஆறு வருஷம் முன்பு அவர் கணவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, கால் நரம்பு நசுங்கி, பாதம் தொங்கிப்போனது. தினமும் மடக்கி நீட்டிவிடச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். பதினாலு மாசம் செய்தார் அக்கா.

“நடந்துட்டார். இப்ப எங்க நடக்குறார்னுதான் தெரியல,” என்றார். “இந்த நீலச் சீட்டுங்க காலை இழுத்துக்கிட்டு வந்து தீனி எடுக்கறதப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியல தம்பி.”

“சிவப்புக்கும் செஞ்சீங்களா?”

“அதுங்கதான் நல்லா இருக்கே. எதுக்கு?”

“டாக்டர்கிட்ட சொல்லணும் அக்கா.”

“நீ சொல்லாத. நானே சொல்றேன்.”

எலியைத் துடைத்துக் கூண்டில் விட்டுவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றேன். டாக்டர் முழுவதையும் கேட்டார். கத்துவார் என்று நினைத்தேன். ஒரு வெள்ளைத் தாளை இழுத்துவைத்துக்கொண்டார்.

“தண்ணி என்ன சூடு?”

“குழந்தையைக் குளிப்பாட்டுற சூடு.”

“எத்தனை நிமிஷம்?”

“ரேடியோவுல ரெண்டு பாட்டு.”

எட்டு நிமிஷம் என்று எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

“மூணு வருஷத்தத் தண்ணியில விட்டுட்டீங்க, அக்கா.”

“தெரியுதும்மா. என்னை வேலையை விட்டு எடுத்துடுங்க.”

“எடுத்துட்டா நீச்சல் யாரு சொல்லித் தருவா?”

முதலிலிருந்து தொடங்கினோம். இம்முறை நாற்பத்தெட்டு எலிகள். சிவப்பில் பாதிக்கும் நீலத்தில் பாதிக்கும் நீச்சல் உண்டு. மீதிக்குத் தீனி மட்டும். அவற்றின் விரலைக்கூட நீட்டிவிடக் கூடாது.

மூன்றாம் வாரம் அக்கா டாக்டரிடம் வந்தார். “நீச்சல் இல்லாத நீலம் பன்னெண்டுக்கு மட்டும் வேற ஆளப் போடுங்க.”

“கை மாறுனா எலியோட நடத்தையும் மாறும், அக்கா. எல்லாத்துக்கும் ஒரே கைதான் வேணும்.”

“அப்ப தீனியையாவது வாய்கிட்ட வச்சுடட்டுமா?”

“வேணாம்.”

அக்கா மற்ற எல்லாக் கூண்டிலும் வைப்பதுபோல அவற்றுக்கும் தீனியை எதிர் மூலையில் வைத்தார். வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். “இழுத்துட்டு வர்ற சத்தம் கேக்குது,” என்று ஒருநாள் சொன்னார். டாக்டர் சொல்லி, நான் நான்கு தடவை சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தேன். நான்கு தடவையும் அக்கா சுவரைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வாரம் அவற்றைத் தொடவில்லை.

செல்களும் நீச்சலும் கிடைத்த எலிகள் விரல்களை நன்றாக விரித்து நடந்தன. இரண்டும் கிடைக்காதவை கடைசிவரை கோடு இழுத்தன. நாற்பத்தெட்டையும் நான்தான் சீவினேன். கட்டுரையின் முடிவில் அக்காவுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள், பெயரில் ஒரு எழுத்துப் பிழையோடு. அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து தீனிப் பெட்டிக்கு மேலே மாட்டிவைத்தார்.

ஆராய்ச்சியில் செத்த விலங்குகளுக்காக வருஷாவருஷம் எங்கள் பல்கலைக்கழகத்தில் புண்ணிய தானம் செய்வோம். அந்த வருஷம் ஒன்பது பிட்சுக்கள் வந்து ஓதினார்கள். பிறகு அந்தப் புண்ணியம் செத்தவற்றுக்குப் போய்ச் சேரட்டும் என்று ஆளுக்கு ஒருமுறை கிண்ணத்தில் தண்ணீர் வார்த்தோம். லம்துவான் அக்கா மட்டும் தான் தொடாமல் விட்ட அந்தப் பன்னிரண்டுக்கும் தனித்தனியாக வார்த்தார். “காது கிழிஞ்சவளே, மன்னிச்சுக்கோ. குண்டச்சி, நீயும் மன்னிச்சுக்கோ,” என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி.

தண்ணீர் வார்த்து முடிந்தபிறகுதான் பிட்சுக்களுக்குச் சாப்பாடு; நண்பகல் தாண்டினால் அவர்கள் சாப்பிட மாட்டார்கள். ஏழாவது எலியின்போது மூத்த பிட்சு கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது. யாரும் அக்காவை அவசரப்படுத்தவில்லை. ஒன்பதாவதில் தண்ணீர் தீர்ந்தது. டாக்டர் ஒரவீ எழுந்து போய் இன்னொரு குவளை கொண்டுவந்தார்.