கொழுந்தியாள் கடையில் ஒரு சர்வர் டிஸ்க்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்புதான். ஆனால் பிரின்சிபால் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற முடியாது. அதனால் மாமனார் வீட்டு டிவி, பக்கத்து ஹோம்ஸ்டேயின் வைஃபை என்று வெளியில் வடிகால் தேடுவேன். மாமனார் டிவியை என் கண்ணில் படாத அறைக்கு மாற்றிய பிறகு மிஞ்சியது கொழுந்தியாளின் கடை.

பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, சரிவில், ஒரு போட்டோ ஸ்டூடியோவை ஒட்டி அவள் கடை. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பென்ஷன்காரர்களுக்கு, இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று வருடா வருடம் காட்டுகிற உயிர்ச் சான்று. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், விரல் வைக்கிற சின்ன மெஷின் ஒன்று. பேத்துப்பாறை, பள்ளங்கி என்று சுற்றியுள்ள மலைக் கிராமத்து ஆட்கள் சந்தைக்கு வரும்போது இந்த வேலைகளையும் முடித்துக்கொண்டு போவார்கள். கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவானது. அது அவளுக்கும் தெரியும், வருகிறவர்களுக்கும் தெரியும். யாரும் குறை சொன்னதில்லை. நான் ஒருவன்தான் சொன்னேன்.

பெங்களூரில் ஒரு டேட்டா சென்டரில் வேலை பார்க்கும் என் நண்பன், பழைய சர்வர்களைக் கழித்தபோது அவற்றில் தகவல்களைச் சேமித்து வைத்திருந்த சாலிட் ஸ்டேட் டிஸ்க் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தான். உள்ளங்கை அளவுதான், கையில் எடுத்தால் செங்கல் கனம். இராப்பகலாக ஓடுவதற்கென்று செய்த ஜாதி. பயங்கரமாகச் சூடாகும், அதற்குத் தனி ஃபேன் வேண்டும் என்று எழுதியிருந்தான். கொடைக்கானலில் எதற்கு ஃபேன்? மனிதர்களுக்கே இல்லை. இன்னொரு குணமும் அதற்கு உண்டு. கரண்டு போனாலும், எழுதிக்கொண்டிருந்ததை முடித்துவிட்டுத்தான் கண்ணை மூடும். காற்றடித்தால் மரம் விழுந்து, மரம் விழுந்தால் கரண்டு போகிற ஊரில் இதைவிட என்ன வேண்டும்? இதைச் சொல்லித்தான் கொழுந்தியாளைச் சம்மதிக்க வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போய் மாட்டி, பழைய டிஸ்கில் இருந்த விண்டோஸையும் இதற்கே மாற்றினேன். மாற்றியதும் ஓடியது. விண்டோஸோடு கூடவே வருகிற டிரைவர், அதாவது டிஸ்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று பேசும் சின்ன மென்பொருள், அதை மரியாதையாக ஏற்றுக்கொண்டது. அதோடு எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் மதியச் சாப்பாடு சூடாகக் கிடைத்திருக்கும்.

ஆனால் இணையத்தில் என்னைப் போன்றவர்கள் கூடும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஒருவர் எழுதியிருந்தார்: விண்டோஸின் டிரைவர் ஒவ்வொன்றையும் எழுதிவிட்டு, "எழுதியாச்சா, நெசமாவே எழுதியாச்சா?" என்று கேட்டுக் காத்திருக்கிறது, டிஸ்கைச் செய்த கம்பெனியின் டிரைவர் அப்படிக் காத்திருப்பதில்லை, அதைப் போட்டால் வேகம் பறக்கும் என்று. சிக்கல் என்னவென்றால், அந்த டிரைவருக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் வீட்டு டிஸ்குகளின் பெயர்கள் மட்டும்தான் உண்டு, என் சர்வர் டிஸ்கின் பெயர் இல்லை. எனவே அந்தப் புண்ணியவான் பட்டியலைத் திருத்திப் பெயரைச் சேர்த்து எல்லோருக்கும் கொடுத்திருந்தார்.

தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழில் நம் பேனாவால் ஒரு பெயரைச் சேர்த்தால் அந்த முத்திரை செல்லுமா? கம்பெனி அந்த டிரைவருக்குப் போட்டிருந்த டிஜிட்டல் முத்திரையும் இனிச் செல்லாது என்றது விண்டோஸ். அதை மசிய வைக்க, கம்ப்யூட்டரை, போலி முத்திரையையும் ஏற்கிற டெஸ்ட் மோடு என்னும் சோதனை நிலைக்கு மாற்ற வேண்டும். மாற்றினேன். திரையின் மூலையில் அந்த இரண்டு வார்த்தைகள் வந்து உட்கார்ந்துகொண்டன.

"இது என்ன மச்சான், டெஸ்ட்டுன்னு போட்ருக்கு? கடைக்கு வாரவங்க பரீட்ச எழுதணுமா?"

"அது கெடக்கட்டும். வேகத்தைப் பாரு."

அவள் ஒரு விண்ணப்பத்தைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். "முன்ன மாதிரிதான் இருக்கு."

"கண்ணுக்குத் தெரியாது. சோதிச்சா நம்பர்ல தெரியும்." காட்டினேன். நம்பர் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

"அப்ப நம்பரு மட்டுந்தேன் வேகமா போகுது" என்று சொல்லிவிட்டு, மூலையில் இருந்த எழுத்தை மறைத்து ஒரு மாதா ஸ்டிக்கரை ஒட்டினாள்.

மறுநாள் திங்கட்கிழமை. அதுவே மாதக் கடைசி. முதல் பீரியட் முடிவதற்குள் போன் வந்தது.

"மச்சான், உங்க ராக்கெட்டு விரல் மெஷின எடுக்க மாட்டேங்குது. ஆளு நெறைய நிக்கிது. வெரசா வாங்க."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். பனி கடைவாசல் வரைக்கும் வந்து நின்றது, தூறல் வேறு. உள்ளே பெஞ்சில் நாலைந்து பேர். முதலில் உட்கார்ந்திருந்தவர் பேத்துப்பாறைக்காரர். மிஷன் பள்ளிக்கூட ஹாஸ்டல் ஒன்றில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். குரங்குக் குல்லாய், அதற்கு மேல் ஒரு மஃப்ளர், ஸ்வெட்டர் பையில் பென்ஷன் காகிதம். போன வருடம் உயிர்ச் சான்று கொடுக்க ஒரு வாரம் பிந்திவிட்டாராம். பென்ஷன் நின்றுபோய், மலை இறங்கி ஆபீஸுக்கு இரண்டு முறை அலைந்திருக்கிறார். வீட்டில் மனைவிக்குத் தினமும் மாத்திரை. அது அந்தப் பென்ஷனில்தான் வருகிறது. இந்த வருடக் கெடுவுக்கு இன்றைக்குத்தான் கடைசி நாள். ஒரு மணி பஸ்ஸைப் பிடித்து வீடு திரும்ப வேண்டும்.

"நா உசுரோடதேன் இருக்கேன்னு சொல்றதுக்கு உங்க பொட்டிக்கு என்ன சார் கஷ்டம்?" என்றார்.

கஷ்டம் என்னவென்று பார்த்தேன். விரல் மெஷின் ஒரு செய்தி காட்டியது: சோதனை நிலையில் இருக்கும் கம்ப்யூட்டரில் நான் வேலை செய்ய மாட்டேன். அதாவது, போலி முத்திரை வைத்திருக்கும் ஆளோடு சேர மாட்டேன் என்கிறது. நியாயம்தான்.

"அஞ்சு நிமிஷம்ணே" என்றேன். இந்த மலையில் நான் சொல்லும் ஐந்து நிமிஷத்துக்கு என்ன அர்த்தம் என்று என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

சோதனை நிலையை அணைத்துவிட்டால் தீர்ந்தது. அணைத்தேன். மறுபடியும் ஸ்டார்ட் செய்தேன். திரை முழுக்க நீலம்.

"நீலமா வருதே மச்சான், நல்லதா?"

"நல்லதுதான்" என்று பொய் சொன்னேன்.

இப்போது எழுதும்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. முதலில் திருத்திய டிரைவரைக் கழற்றிவிட்டு, அப்புறம்தான் சோதனை நிலையை அணைக்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்துவிட்டேன். விண்டோஸே அந்த டிஸ்கில்தான் இருக்கிறது. டிஸ்கைத் தொட அந்தப் போலி முத்திரை டிரைவர் வேண்டும். போலி முத்திரையை இனிமேல் ஏற்க முடியாது. கதவைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்த கதை. இந்த வரிசையை அந்த இணையப் புண்ணியவான் சிவப்பு எழுத்தில் எழுதி வைத்திருந்தார். கேள்வியை முழுசாகப் படித்துவிட்டு விடை எழுதுங்கள் என்று வருடா வருடம் பிள்ளைகளிடம் தொண்டை வறளச் சொல்கிறவன் நான். சிவப்பு எழுத்தை மட்டும் தாண்டிப் போயிருந்தேன்.

இதை ஒப்புக்கொள்ள அப்போது மனசு வரவில்லை. "கேபிள் லூஸ்" என்று அறிவித்துவிட்டு மேசைக்கு அடியில் புகுந்தேன். கேபிளைக் கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன். மறுபடியும் நீலம். மறுபடியும் கழற்றினேன். பெஞ்சில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது என் முதுகும் அதற்குக் கீழே உள்ளதும் மட்டும்தான்.

"அந்த டிஸ்க்கு புதுசா சார்?" சமையல்கார அண்ணன் குரல்.

"இல்லண்ணே. பெங்களூர்ல ஓடி ரிட்டயர்டு ஆனது. ஆனா ஆயுசு கெட்டி. சாஃப்ட்வேர்ல செக் பண்ணிட்டேன்."

"அப்ப அதுக்கும் உயிர்ச் சான்று ஆயிருச்சு. வெரல் கேக்காமலே குடுத்துட்டாகளா?"

பெஞ்ச் சிரித்தது. மேசைக்கு அடியில் இருந்து பதில் சொன்னால் எடுபடாது என்பதால் நான் கேபிளை இன்னும் அழுத்திச் சொருகினேன்.

"ஹாஸ்டல்ல எம்புட்டு பிள்ளைகளுக்கு பான்கேக் சுட்டிருக்கேன். அடுப்பு நல்லா எரியும்போது ஒருநாளும் அதைப் பிரிச்சுப் பாத்ததில்ல சார்."

"அவுக ஏதோ சொல்றாகல்ல மச்சான், கேளுங்க" என்றாள் கொழுந்தியாள், அக்கறையோடு.

நான் கையை நீட்டி, சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினேன். கேபிளில் குற்றம் இல்லை என்று எனக்கு முழுசாகத் தெரிந்திருந்தும் இன்னொரு முறை துடைத்தேன். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து, போனில் அந்தச் சிவப்பு எழுத்தை முதல்முறையாகப் படித்தேன். கீழே இன்னொரு பத்தியும் இருந்தது. அவசரப்பட்டு முந்தி அணைத்துவிட்டவர்களுக்கு என்று தனியாகவே எழுதியிருந்தார். ஆக, உலகத்தில் நான் ஒருவன் இல்லை. பெரிய ஆறுதல்.

கம்ப்யூட்டரை இரண்டு மூன்று முறை பாதியில் நிறுத்தித் தொடங்கினால் பழுது பார்க்கும் திரை வரும். அதில் ஏழாம் எண்ணை அழுத்தினால், அந்த ஒரு தடவை மட்டும் முத்திரையைப் பார்க்காமல் உள்ளே விடும். கீபோர்டைக் கீழேயே இழுத்து வைத்துக்கொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டித் திரையைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் செய்தேன். ஏழு. நீலம் வரவில்லை. திறந்தது! திருத்திய டிரைவரைக் கழற்றினேன். விண்டோஸின் பழைய, பொறுமைசாலி டிரைவரைப் போட்டேன். ஸ்டார்ட் செய்தேன். ஓடியது. சோதனை நிலை போயிருந்தது. விரல் மெஷினில் சிவப்பு வெளிச்சம் வந்தது. மணி பன்னிரண்டரை.

முழங்காலில் தூசியோடு எழுந்தேன்.

"அண்ணே, வாங்க. வெரல வைங்க."

அவர் டீயில் பன்னைத் தோய்த்துக்கொண்டிருந்தார். "எதுக்கு சார்?"

"உயிர்ச் சான்றுக்குத்தான்."

ஸ்வெட்டர் பையில் கையை விட்டு, பிளாஸ்டிக் கவரில் போட்ட ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். "ஆயிருச்சே."

நான் கொழுந்தியாளைப் பார்த்தேன்.

"மேல வளைவுலதேன் சிக்னல் நல்லா இருக்கும். குடையப் பிடிச்சு அங்கன கூட்டிட்டுப் போயி, போன்ல அவர் மொகத்தக் காட்டுனேன். எடுத்துக்கிருச்சு. பக்கத்து ஸ்டூடியோவுல பிரிண்டும் போட்டாச்சு" என்றாள்.

"கண்ணச் சிமிட்டுன்னுச்சு, சிமிட்டுனேன். சரி, நீ இருக்கேன்னு சொல்லிருச்சு" என்றார் அவர்.

முகத்தைக் காட்டியும் செய்யலாம் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. எங்கள் பள்ளியில் ஓய்வு பெற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அன்றைக்கு என் தலை பெட்டிக்குள் இருந்ததால் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

"இது எப்ப?"

"நீங்க கேபிள ரெண்டாவது தடவ தொடச்சப்போ."

"சொல்லியிருக்கலாம்ல?"

"வந்ததும் ரெண்டு தடவ சொன்னேன் மச்சான். சத்தம் போடாதேன்னு கைய ஆட்டுனீக."

எனக்கு ஞாபகம் இருந்தது, அவர்கள் போவதற்கு முன்னால் காட்டிய ஒரு சைகைதான். அவள் சொன்ன இரண்டையும் சேர்த்தால் மூன்று. "அப்ப அண்ணே, நீங்க ஏன் இன்னும் உக்காந்திருக்கீங்க?"

"பஸ்ஸு ஒரு மணிக்குத்தேன். வெளியில மழ, உள்ள ஷோ. எந்திரிச்சுப் போக மனசு வருமா சார்?"

அதற்குள் பின்னால் இருந்த ஒரு அம்மா வந்து விரலை வைத்தார். மெஷின் ஒரே தடவையில் எடுத்துக்கொண்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் பெருமையாகச் சுற்றும் முற்றும் பார்த்தேன்.

ஒரு மணி பஸ்ஸுக்கு நானே அவரை பஸ் ஸ்டாண்டு வரை குடையில் அழைத்துப் போனேன். வழியில் மருந்துக் கடையில் ஐந்து நிமிடம் நின்றார். நிஜமாகவே ஐந்து நிமிடம்தான். சீட்டு பிடித்து உட்கார்ந்ததும் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினார்.

"சார், வர்ற வருஷமும் இதே தேதிக்கு வருவேன்."

"கண்டிப்பா வாங்கண்ணே."

"நா கண்டிப்பா வருவேன். நீங்க அன்னிக்கு வெள்ளனே கெளம்பி ஸ்கூலுக்குப் போயிருங்க. லீவு கீவு போட்றாதீக."

பஸ் நகர்ந்தது. கடைக்குத் திரும்பி, அவர் சொன்னதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். கொழுந்தியாள் சிரிக்கவில்லை. போனை எடுத்து, அடுத்த வருடத்து அந்தத் தேதியைத் தேடி, குறித்து வைத்துக்கொண்டாள்.