மூன்று குளியலறை வைத்திருந்த முதலை ராஜா

என் அண்ணன் இலங்கையில் ருவான்வெல்லைக்குப் பக்கத்திலுள்ள ரப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டுகிறவர். ரப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் கத்தி வைக்க முடியாது. விடியும்போது மழை பிடித்துவிட்டால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேருக்கு அன்றைக்கு வேலை இல்லை. எங்கள் பக்கத்தில் மழைக்கு ஒரு குறைவும் இல்லை. முன்பெல்லாம் அந்தக் காலை நேரங்களில் ஆண்கள் தூங்குவார்கள், பெண்கள் அவர்களைத் திட்டுவார்கள். அண்ணி குவைத்திலிருந்து திரும்பிய பிறகு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள்.

நாலு வருஷம் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு வந்த அண்ணி, சுவரில் பாதியை மறைக்கிற மாதிரி ஒரு டிவி கொண்டுவந்திருந்தார். கூடவே இந்தோனேசியச் சண்டைப் படங்கள் மேல் ஒரு பைத்தியத்தையும் கொண்டுவந்திருந்தார். அந்தக் குவைத் வீட்டில் அவருடன் சமையலறையில் வேலை பார்த்தவள் ஓர் இந்தோனேசியக்காரி. அவளோடு சேர்ந்து பார்த்துப் பழகியது.

எல்லாம் பழைய படங்கள். எடுத்தவர்களிடம் நிறையக் கற்பனையும் கொஞ்சம் துணியும் இருந்திருக்க வேண்டும். கதாநாயகன் கழுகின் மேல் ஏறி வருவான். கழுகைத் தூக்கிப் பிடிக்கிற கம்பி வெயிலில் மின்னும். வில்லனின் தலையை வெட்டினால் தலை மட்டும் பறந்துபோய் ஒரு ஆளைக் கடிக்கும். பாறையை உதைத்தால் பாறை காற்றில் உருண்டு போகும், பஞ்சு மாதிரி. ஆனால் இடம் மட்டும் அச்சு அசல் எங்கள் இடம். அதே வாழை, அதே பாக்கு, அதே சேறு, சாரத்தை மடித்துக் கட்டிய அதே ஆம்பளைகள். சீனப் படத்தில் பனியில் சண்டை போடுவார்கள், நமக்கு ஒட்டாது. இதில் ஒருவன் பறந்து வந்து விழுகிற ஓடை, எங்கள் லயத்துக்குக் கீழே துணி துவைக்கிற ஓடையேதான் என்று தோன்றும்.

ஒரு படத்தில் ஆயிரம் வருஷத்துக்கு முந்திய வாள் சண்டை ஒன்று ரப்பர் தோட்டத்தில் நடந்தது. பக்கத்து வீட்டில் இருக்கிற ஓய்வுபெற்ற கங்காணி, நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர், படத்தை நிறுத்தச் சொன்னார். எழுந்து போய் டிவிக்கு முன்னால் குனிந்து நின்றார்.

"வெட்டு ஆழமா போயிருக்கு. மரம் கெட்டுரும்" என்றார்.

"கழுத்து வெட்டயா சொல்றீங்க மாமா?" என்று அண்ணி கேட்டார்.

"கழுத்து கெடக்குது. அந்தா பின்னால மரத்தப் பாரு. பால் வடியுற செரட்டையும் கோணலா கட்டியிருக்கான்."

அண்ணனும் போய்ப் பார்த்தார். இன்னும் மூன்று பேர் போய்ப் பார்த்தார்கள். வாளை ஓங்கிய வில்லன் அப்படியே வாயைத் திறந்தபடி நிற்க, பட்டையின் சரிவைப் பற்றிக் கால் மணி நேரம் பேச்சு நடந்தது.

படத்தின் மொழி எங்களில் யாருக்கும் தெரியாது. அண்ணிக்குத் தெரியும் என்று எல்லோரும் நம்பினோம். திரையில் ஒருவன் வாயைத் திறந்ததும் அண்ணி தமிழில் சொல்லிவிடுவார், குரல்கூட மாற்றி. அவருடைய கதாநாயகர்கள் மெதுவாகப் பேசுவார்கள். வில்லன்கள்தான் விசித்திரமாகப் பேசுவார்கள். முதலை மேல் ஏறி ஆற்றைக் கடந்து வந்த ஒரு ராஜா, பச்சைப் புகைக்கு நடுவில் நின்று இடிஇடியென்று சிரித்துவிட்டு, அண்ணியின் குரலில் சொன்னான்: "மூணு பாத்ரூமும் இன்னைக்கே கழுவியிருக்கணும். கார்பெட்ட வெயில்ல போடு. சாப்பாடு அப்புறம் பாத்துக்கலாம்."

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ராஜாவென்றால் மூன்று குளியலறை இருக்கத்தானே செய்யும். அவனைக் கதாநாயகன் இரண்டாகப் பிளந்தபோது அண்ணி தேநீரை ஒரு மிடறு குடித்தார். முகத்தில் நல்ல நிம்மதி.

இந்தச் செய்தி வேதக்கோயிலுக்கும் போனது. எங்கள் தோட்டத்துக் கோயிலில் உபதேசியார் ஒருவர் இருக்கிறார், ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். பேயும் மந்திரமும் உள்ள படத்தைக் கிறிஸ்தவ வீட்டில் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மழையில் குடையோடு வந்து வாசலில் நின்றார்.

"இதெல்லாம் வேணாம்மா. புள்ளைங்க மனசு கெட்டுரும்."

"புள்ளைங்க யாரும் இல்லீங்க ஐயா. எல்லாரும் அம்பது தாண்டினவங்க" என்றார் அண்ணி. "மழ விடுற வரைக்கும் உக்காருங்க."

"ரெண்டு நிமிஷம் இருந்துட்டுப் போறேன்" என்று உட்கார்ந்தார். அன்றைக்கு மழை பதினொரு மணிக்கு விட்டது. அவர் ஒரு மணிக்குப் போனார். அடுத்த மழைக்கு எல்லோருக்கும் முன்னாலேயே வந்து, பாய் விரிக்க உதவி செய்தார். "கடைசியில தீமை அழியுதுல்ல, அந்த மட்டுல பரவாயில்ல" என்று அவராகவே ஒரு விளக்கம் சொன்னார். நாங்கள் யாரும் கேட்கவில்லை.

நான் வரக்காப்பொலையில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். போன வருஷம் மணிக்கட்டு பிசகி, கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு, இரண்டு வாரம் லீவில் வீட்டில் இருந்தேன். அதற்கும் இந்தப் படங்களுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் தொழிற்சாலையில் சொல்லியிருக்கிறேன். நான் பறந்து பார்த்த படிக்கட்டில் பாசி இருந்தது என்பதும் உண்மைதான்.

சும்மா இருந்த அந்த நாட்களில் நான் ஒரு வேலை பார்த்தேன். படத்துக்குக் கீழே தமிழ் எழுத்து தானாக வரவழைக்கிற வித்தையைக் கூட வேலை செய்கிற ஒருத்தி எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். அண்ணி பாவம், தொண்டை வலிக்கப் பேசுகிறாரே என்று, அடுத்த மழை நாளில் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அதைப் போட்டுவிட்டேன்.

பாம்பு ராணியின் படம். தலையில் ஏழு பாம்போடு ராணி குகையிலிருந்து வெளியே வந்தாள். கண்ணில் தீ. கீழே எழுத்து வந்தது: "முந்நூறு ஆண்டுகளாக நான் வெங்காயமாக இருந்தேன்."

உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை உரக்க வாசித்தார்.

"வெங்காயமாவா இருந்தா?" என்றார் கங்காணி மாமா.

"ஏதாச்சும் சாபமா இருக்கும்" என்றார் உபதேசியார் யோசனையோடு.

கதாநாயகன் வாளை உருவினான். "தயவுசெய்து கழுத்தை இணைக்கவும்" என்றது எழுத்து. வெட்டுப்பட்ட தலை ஒன்று பறந்து வந்து, "மழைக்காலத்தில் அலுவலகம் மூடப்படும்" என்றது. அதைப் படித்து அண்ணன் தலையாட்டினார். அது மட்டும்தான் அவருக்குப் புரிந்தது.

அண்ணி வாயைத் திறக்கவே இல்லை. சுவரில் சாய்ந்து, விரலால் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்தில் கங்காணி மாமா என் பக்கம் திரும்பினார்.

"சரி, சரி, போதும் பாப்பா. அந்த எழுத்த எடுத்துரு. உங்கண்ணி சொல்றதுதான் சரி. இதுக்குப் பாஷ தெரியல."

எழுத்தை எடுத்தேன். அண்ணி திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "எனக்கும் தெரியாதுங்க மாமா."

பாம்பு ராணி யாரையோ விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"சோறு, தண்ணி, துணி, ஓடி வா, மேடம் வருது. இவ்வளவுதான் அவங்க பாஷையில எனக்குத் தெரியும்" என்றார் அண்ணி. "அங்க மத்தியானம் மேடம் தூங்குறப்போதான் நானும் அந்த இந்தோனேசியப் புள்ளையும் போன்ல படம் பார்ப்போம். சத்தம் வச்சா எந்திரிச்சுரும். அதனால சத்தமே வைக்கிறதில்ல. ஒரு தரம் அவ கத சொல்லுவா, ஒரு தரம் நான் சொல்லுவேன். அரபியிலயும் கை ஜாடையிலயும். அந்தப் படத்துல என்ன பேசுறாங்கன்னு அவளே காதால கேட்டதில்ல."

எனக்கு அப்போதுதான் முதலை ராஜாவின் குளியலறைகள் விளங்கின. அண்ணனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வருஷமாக வாரம் ஒரு தடவை போன் பேசியும், அங்கே எத்தனை குளியலறை என்று அவர் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார்.

உபதேசியார்தான் முதலில் பேசினார். "அப்ப போன வாரப் படத்துல அந்தக் குருடன் சொன்னானே, பொறுமையைப் பத்தி. நான் அத ஞாயித்துக்கிழம பிரசங்கத்துல சொல்லிட்டேன்."

"நான் சொன்னதுதாங்க ஐயா."

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அவர், சங்கடத்தோடு. "நெறைய பேர் அழுதாங்க."

அந்த இந்தோனேசியச் சிநேகிதியைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று அண்ணன் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது எல்லோருக்கும் ஆச்சரியம். அண்ணி போனில் வீடியோ போட்டார். அவளும் ஊர் திரும்பிவிட்டாளாம். வட்ட முகம், வாய் நிறையச் சிரிப்பு, பின்னால் கோழிச் சத்தம். போனை டிவி பக்கம் திருப்பியதும் பாம்பு ராணியைப் பார்த்து அவள் கூவினாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அரபி, ஜாடை, நடுநடுவே தமிழ். "அய்யோ கடவுளே" என்று அவள் சொன்னதைக் கேட்டு உபதேசியார் போனைப் பார்த்து வணக்கம் வைத்தார்.

சீக்கிரமே பேச்சு சண்டையாக மாறியது. என்ன விஷயம் என்று கேட்டேன்.

"ராணி அவளோட ஆளு" என்றார் அண்ணி. "அவளுக்குப் புடிச்சவ. அங்க இருக்கையில கதைய முடிக்காமலே விட்டுருவோம். இப்ப படத்துல அவளக் கொல்லப் போறாங்க, என் கதையில நான் கொல்லக் கூடாதாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கண்ணு முன்னால சாகுறவள நான் எப்படிக் காப்பாத்துறதுன்னு கேட்டேன்."

சிநேகிதி விரலை ஆட்டி ஏதோ கடுமையாகச் சொன்னாள். அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து டிவிக்கு எதிரே வைத்தார்கள். சிநேகிதி அங்கே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தாள், நாங்கள் இங்கே உட்கார்ந்தோம். அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

திரையில் கதாநாயகன் மூன்று பனை உயரம் குதித்து, கையிலிருந்து நீல வெளிச்சத்தை வீசினான். ராணியின் ஏழு பாம்புகளும் ஒவ்வொன்றாக வெடித்தன. அவள் தீப்பிடித்து எரிந்து, சாம்பலாகி, காற்றில் பறந்தாள்.

"அவ ஊருக்குப் போறா" என்றார் அண்ணி. "வேல முடிஞ்சிருச்சு. டிக்கெட் வந்துருச்சு."

"தனியாவா போறா?" என்று கங்காணி மாமா கேட்டார்.

"இல்லீங்க. அவ சிநேகிதியும் கூடப் போறா."

"நல்லபடியா போய்ச் சேரட்டும்" என்றார் உபதேசியார்.