காலடியில் ஒரு பித்தளைத் திருகு

என் மகனுக்குக் காய்ச்சல் என்றால், அவன் நெற்றியைத் தொடப் போகும் என் கை இன்றும் ஒரு கணம் நின்றுவிடும். ஏழு வயதில் இந்தக் கை செய்த காரியம் அப்படி.

வெள்ளைக்காரர் ஆட்சி; கெடாவில் அவசரகாலம். அரசை எதிர்த்த கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்தார்கள். எங்கள் ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். அப்பா துரையின் ஜீப்பை ஓட்டினார். துரை குளிர்மலைகளுக்குப் போகும்போது தேவைப்படும் என்று அதில் ஒரு ஹீட்டர் இருந்தது. எஞ்சினின் கொதிநீரை உள்ளே வாங்கி அனலாக ஊதும் பெட்டி அது. கெடா வெயிலில் அதற்கு என்ன வேலை? நீர்க்குழாயின் நடுவில், திறந்து மூட ஒரு பித்தளைத் திருகை வைத்து, அப்பா அதை எப்போதும் மூடியே வைத்திருந்தார்.

ஒரு பிற்பகல், கைக்குழந்தையான தம்பிக்குக் காய்ச்சலில் கண் செருகியது. ஆஸ்பத்திரிக்கு ஜீப்பை எடுத்துப்போகச் சொன்னார் துரை. அம்மா மடியில் தம்பி. நடுவில் நான். என் காலருகே அந்தத் திருகு.

தோட்டத்து வாசலில் காவல்காரர், எஞ்சினுக்காக வைத்திருந்த தண்ணீர் டின்னைத் தூக்கினார். காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்பது சட்டம். அடியில் அரிசி இருக்கிறதா என்று பார்க்க அப்படியே கவிழ்த்தார்.

“ஆயிர் சஹாஜா, இஞ்சே,” என்றார் அப்பா மலாயில். வெறும் தண்ணீர்தான் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மண் அதைக் குடித்துவிட்டது. திரும்பிப் போய் நிரப்பிவர அம்மா விடவில்லை.

கூலிம் சாலையின் ஏற்றத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறியது. எஞ்சின் சூட்டை ஹீட்டர் வழியே வெளியேற்ற அப்பா குனிந்து திருகைத் திறந்தார். உலைமூடியைத் திறந்ததுபோல் முகத்தில் அனல் அடித்தது. முள் இறங்குவதை அவர் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன்.

“ஐயோ, பிள்ள வெந்துருவான்! மூடுங்களேன்!”

“கண்ணாடிய நல்லாத் தள்ளிவிடு. மூட முடியாது.”

“பிள்ளையவிட துரை காடிதான் பெருசா?”

அப்பா கியரை மாற்றினார். ஒரு வளைவில் அவர் கவனம் சாலையில் இருந்தபோது நான் குனிந்து திருகை மூடினேன். அனல் தணிந்தது. அம்மா, “மாரியாத்தா!” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அரை மைல்கூட போயிருக்க மாட்டோம். முன்பக்கத்திலிருந்து ஆவி சீறி, ஜீப்பு நின்றது. இருபுறமும் ரப்பர் மரங்கள், அவற்றுக்குப் பின்னால் காடு. அப்பா திருகைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ரோந்து லாரி ஒன்று வந்தது. தமிழ் தெரிந்த போலீஸ்காரர் இறங்கினார்.

“இந்த எடத்துல ஏன் நிப்பாட்டுன? காட்டுலேர்ந்து யாரு வரப்போறா?”

“ஹீட்டர் பைப்ப நாந்தான் மூடிட்டேன், ஐயா. தெரியாம,” என்றார் அப்பா.

“பத்து வருசமா ஓட்டுற டிரைவருக்கு இது தெரியாதாலா? கத விடுறியா?”

எங்களை லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அப்பாவை விசாரணைக்கு வேறு பக்கம் கொண்டுபோனார்கள். தம்பி நான்காம் நாளே பால் குடித்தான். அப்பா திரும்பிவரப் பன்னிரண்டு நாள் ஆனது. அதற்குள் ஜீப்புக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அப்பா மரம் சீவப்போய் ரப்பர்ப் பால்வாளியைத் தூக்கினார்.

எனக்கு அப்போது ஒரே ஆறுதல்தான். நான் மூடியதாக நினைத்தது பிசகு, அப்பாவேதான் மூடியிருக்கிறார், அவர் வாயாலேயே சொன்னாரே! லயத்துப் பிள்ளைகள் கேட்டபோது, “எங்கப்பாவுக்குக் காடி சரியா ஓட்டத் தெரியாது,” என்று நானே சொன்னேன்.

சற்றுத் தள்ளி வாளியைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். “ஆமாம் பாப்பா,” என்று சிரித்தார்.

அவர் ஏன் சிரித்தார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.