அரை மூடி மருந்து

சென்ற ஆண்டு ஆடி மாதம். நெய்வேலி நகரியத்தில் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்த நாட்கள். என் கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. கல்யாணத்துக்கு முன் நான் சென்னையில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல், அக்கம்பக்கத்துக் கடைகளுக்குச் சின்னச் சின்னதாகக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித் தர ஆரம்பித்தேன். உரக்கடைக்கு ஒன்று, ஜவுளிக்கடைக்கு ஒன்று. நாங்கள் குடியிருந்த பிளாக்கில் எல்லோரும் "கம்ப்யூட்டர் அக்கா" என்று கூப்பிடும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதும் உண்மை.

நகரியத்துக்கு வெளியே குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு சின்ன கிளினிக். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், அவ்வளவுதான். டாக்டர் தங்கமானவர், கையெழுத்து மட்டும் கோழி கிளறியது மாதிரி இருக்கும். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வரும் தாய்மார்கள் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு விழிப்பார்கள். அதனால் அவர் எழுதித் தருவதைப் பார்த்து நர்ஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினால், எந்த மருந்து, எவ்வளவு, எந்த வேளை என்று பெரிய தமிழ் எழுத்தில் ஒரு சீட்டு வருகிற மாதிரி எழுதிக் கொடுத்தேன்.

மருந்தின் அளவை நர்ஸ் விரலால் அடிக்க வேண்டியதில்லை. ஒரு பெட்டியைத் தொட்டால் பட்டியல் விரியும். 2.5 மில்லி, 5 மில்லி, 7.5 மில்லி, 10 மில்லி. வேண்டியதைத் தொட்டால் போதும். கையால் அடித்தால் தப்பு வரும், பட்டியலில் தப்பே வராது என்று டாக்டரிடம் பெருமையாகச் சொன்னது நான்தான்.

பிறகு அவர்கள் ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொன்னார்கள். குழந்தையின் எடை, ஊர், போன் நம்பர், அடுத்து எப்போது வர வேண்டும். நானும் சேர்த்துக்கொண்டே போனேன். திரை நீண்டுவிட்டது. கிளினிக்கில் இருந்ததோ பழைய சின்ன மானிட்டர். பிரிண்ட் எடுக்கும் பச்சைப் பட்டன் அடியில் போய் ஒளிந்துகொண்டது. மவுஸின் சக்கரமும் உடைந்து கிடந்ததால், நர்ஸ் ஓரத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து இழுத்துத்தான் கீழே போவாள். பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு நாள் மாலை நானே ஒரு புது மவுஸ் வாங்கிக்கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் மதியம், பிரிண்டரில் காகிதம் சிக்குகிறது என்று நர்ஸ் கூப்பிட்டாள். போய்ச் சரிசெய்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைய கடைசிச் சீட்டு. அளவுப் பெட்டியில் 2.5 என்று தேர்ந்தெடுத்தாள். கீழே போவதற்காகச் சக்கரத்தை உருட்டினாள். பக்கம் நகரவில்லை.

"புது மவுசு இப்படித்தான்க்கா மக்கர் பண்ணுது. ரெண்டாவது உருட்டுக்குத்தான் போவுது" என்றபடி, வெற்றிடத்தில் ஒரு தட்டுத் தட்டி மறுபடி உருட்டினாள். இப்போது பக்கம் சரசரவென்று கீழே போயிற்று. அளவுப் பெட்டி மேலே போய் மறைவதற்கு முன் என் கண்ணில் பட்டது. அதில் 2.5 இல்லை. 10 இருந்தது.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. ஒரு பெட்டியைத் தொட்டுவிட்டால், வேறு எதையாவது தொடும்வரை கம்ப்யூட்டர் அந்தப் பெட்டியைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டிருக்கும். பக்கத்தை நகர்த்தத்தான் சக்கரத்தை உருட்டுகிறோம் என்று அதற்குத் தெரியாது. பட்டியலில் அடுத்தது, அதற்கடுத்தது என்று கேட்பதாக நினைத்து, சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டே போகும். வீட்டில் என்னிடம் இருப்பது பெரிய மானிட்டர். எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். நான் ஒரு தடவைகூடச் சக்கரத்தை உருட்டிப் பார்த்ததில்லை.

"சிஸ்டர், நிறுத்துங்க. அந்தச் சீட்டைக் கொடுக்காதீங்க" என்றேன்.

டாக்டரிடம் ஓடினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துப்போய், "முதல்ல பிள்ளைங்க. திட்டறது அப்புறம்" என்றார். காலையில் அவர் கைப்பட எழுதியவற்றையும் கம்ப்யூட்டரில் இருந்த சீட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். சில சரியாக இருந்தன, சில மாறியிருந்தன. மாறியவை பெரும்பாலும் சத்து டானிக், இருமல் மருந்து. நர்ஸ் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுச் சொன்னாள். யாரும் இன்னும் பெரிதாகக் கொடுத்திருக்கவில்லை. எனக்கு மூச்சு கொஞ்சம் திரும்பியது.

ஒரே ஒரு சீட்டு பாக்கி. வலிப்பு வரும் பெண் குழந்தை, இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அன்றுதான் டாக்டர் அவளுக்குப் புதிதாக மருந்து ஆரம்பித்திருந்தார். அவர் எழுதியது 2.5 மில்லி. சீட்டில் 10. போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டாலும் அதேதான்.

"வீட்டுக்குப் போனதும் முதல் வேளையைக் கொடுக்கச் சொல்லியிருந்தேன். அந்த மருந்து அளவு கூடினா பிள்ளை தூங்கிக்கிட்டே போயிடும்மா. மூச்சு மந்தமாயிடும்" என்றார் டாக்டர்.

நர்ஸ் போனை விடவில்லை. நான் ஸ்கூட்டரை எடுத்தேன். கையில் இருந்த விலாசம் ஓர் ஊர்ப்பெயர் மட்டும். கம்மாபுரம் பக்கத்து ஊர். அந்தப் பெயரையும் நான்தான் ஏதோ ஒரு பழைய பட்டியலிலிருந்து எடுத்து ஊர்ப் பெட்டியில் போட்டிருந்தேன்.

எதிர்க்காற்று ஸ்கூட்டரைப் பின்னால் தள்ளியது. கண்ணெல்லாம் மண். லாரிகளுக்கு இடையில் எப்படிப் புகுந்து போனேன் என்று தெரியவில்லை. தாயே, அந்தப் பிள்ளை இன்னும் மருந்து குடித்திருக்கக் கூடாது, அடம்பிடித்திருக்க வேண்டும், பாட்டில் கை தவறி உடைந்திருக்க வேண்டும் என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டே போனேன். அழுதேனா என்று கேட்டால், அழுதேன்.

வழி கேட்டுக் கேட்டுப் போனேன். தார்ச்சாலை ஓர் இடத்தில் சட்டென்று முடிந்துபோயிற்று. எதிரே கம்பிவேலி. வேலிக்கு அப்பால் மலை மாதிரி குவிந்த சுரங்க மண். இந்தப் பக்கம் ஒரு புளியமரம், உடைந்த தண்ணீர்த்தொட்டி ஒன்று. வீடு என்று ஒன்றுகூட இல்லை. ஊர் எங்கே? வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். ஒரு குழந்தை எங்கேயோ மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, நான் இல்லாத ஓர் ஊரின் வாசலில் நிற்கிறேன் என்று நினைத்தபோது வந்த பயத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

ஆடு ஓட்டிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். ஊர்ப்பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"அந்த ஊரு ஏதும்மா இப்ப? மைன்ஸுக்கு நெலம் எடுத்து எல்லாரும் காலி பண்ணிக்கினு போயி வருசம் ஆவுது. ஆளுக்கொரு பக்கமாப் போயிட்டாங்க."

"கிளினிக்ல இந்த ஊர்னுதானேம்மா சொல்லியிருக்காங்க!" கிட்டத்தட்டக் கத்தினேன்.

"எந்த ஊருன்னு கேட்டா எங்க ஊரத்தான சொல்லுவோம்?" என்றார் அவர், கோபமே இல்லாமல். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரைத் தேடறம்மா நீ?" என்று கேட்டார்.

வலிப்பு வரும் பெண் குழந்தை என்றேன். அவ்வளவு போதுமாக இருந்தது. ஊர் சிதறிப் போனாலும் ஒருவர் வீட்டுக் கஷ்டம் இன்னொருவருக்குத் தெரிந்துதான் இருந்தது. "கான்ட்ராக்டு வேலைக்குப் போறானே, அவன் பொண்ணுதான். மெயின் ரோட்டுக்கு அந்தாண்ட புதுசா வூடுங்க கட்டிக்கினு இருக்காங்க பாரு. நீல டேங்குக்குப் பக்கத்து வூடு. ஓடும்மா, நிக்காத" என்றார்.

நீல டேங்க் தூரத்திலிருந்தே தெரிந்தது. வீட்டு வாசலில் அந்தத் தாய் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். கிளினிக்கிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனேன். பாயில் குழந்தை படுத்திருந்தது. அசைவே இல்லை.

"மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் தூங்குது" என்றாள் அவள்.

"மருந்து கொடுத்தீங்களா?"

"குடுத்தேங்க. ரெண்டு மூடி ஊத்தனேன். மொதோ மூடி உள்ள போயிடுச்சு. ரெண்டாவத முழுங்கல, மூஞ்சத் திருப்பிக்கினு எல்லாத்தையும் துப்பிடுச்சு. இன்னொருக்கா ஊத்தலாம்னு பாத்தேன், அதுக்குள்ள தூங்கிடுச்சுங்க."

பாட்டிலின் மூடி ஒன்றுக்கு ஐந்து மில்லி. அப்படியானால் குழந்தைக்குள் போனது கொடுக்க வேண்டியதைப்போல் இரண்டு பங்கு. நான்கு பங்கு இல்லை. குனிந்து அதன் மூக்கருகே விரலை வைத்தேன். மூச்சு வந்துகொண்டிருந்தது. தொட்டு உலுக்கினேன், கண்ணைத் திறக்கவில்லை. அதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஈரக்கையோடு பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டாள். டாக்டருக்குப் போன் போட்டேன். "உடனே கொண்டு வா. பிள்ளையைக் கூப்பிட்டுக்கிட்டே வரச் சொல்லு" என்றார்.

அவள் எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வழியெல்லாம் "தங்கம், கண்ணத் தொற. அம்மாவப் பாரு சாமி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் குரல் என் முதுகில் அதிர்ந்துகொண்டிருந்தது. நடுவில் கொஞ்ச நேரம் அவள் பேச்சு நின்றது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மறுபடி அவள் கூப்பிடும் குரல் கேட்ட பிறகுதான் நான் மூச்சே விட்டேன்.

டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். விரலில் ஏதோ மாட்டினார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், மறுபடி கேட்டார். நானும் அந்தத் தாயும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நடந்ததை முழுக்க அவளிடம் சொன்னேன். பெட்டி, பட்டியல், மவுஸ் எல்லாம் அவளுக்குப் புரிந்ததா என்று தெரியாது. "சீட்டுல தப்பா வந்ததுக்குக் காரணம் நான்தான்மா" என்றது புரிந்தது.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று இருந்தேன். அவள் அடிக்கவில்லை.

"டாக்டரு அர மூடின்னுதாங்க சொன்னாரு. எங்காதுல நல்லா வுழுந்துச்சு. வூட்டுக்கு வந்து பாத்தா சீட்டுல பத்துன்னு இருந்துது. புள்ளையும் வாயத் தொறக்கவே மாட்டேன்னுது. கம்ப்யூட்டரு போட்டதாச்சே, அது தப்பாவா இருக்கும், நமக்குத்தான் சரியாக் காது கேக்கலன்னு நெனச்சிக்கினு ஊத்தனேன்." பிறகு கேட்டாள். "இனிமே எதத்தாங்க நம்பறது? காதையா, சீட்டையா?"



வெயில் தாழ்ந்த நேரத்தில் உள்ளேயிருந்து ஓர் அழுகைச் சத்தம் கேட்டது. முதலில் முனகல், பிறகு வீரிட்டு ஒரே கத்தல். குழந்தை அழுவதைக் கேட்டு இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டதை நர்ஸ் இன்னும் சொல்லிச் சிரிப்பாள். "பயமில்லை. ராத்திரி இங்கேயே இருக்கட்டும், பார்த்துக்கிறேன்" என்றார் டாக்டர். கிளினிக்கில் கொடுத்திருந்தது குழந்தையின் அப்பாவின் நம்பர்; ஷிப்ட் முடிந்து போனை உயிர்ப்பித்த பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. உடம்பெல்லாம் சுரங்கப் புழுதியோடு ஓடி வந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பிரிண்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

தப்பைச் சரிசெய்யச் சில வரிகள்தான் தேவைப்பட்டன. இப்போது அந்தப் பெட்டி சக்கரத்துக்கு அசையாது. பச்சைப் பட்டனுக்கு மேலேயே அளவு பெரிய எழுத்தில் நிற்கும். நர்ஸ் அதை டாக்டரின் சீட்டோடு ஒப்பிட்டு, தாயிடம் வாய்விட்டுப் படித்துச் சொல்லாமல் பிரிண்ட் எடுப்பதில்லை. ஊர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் "இப்போது இருக்கும் இடம்" என்று இன்னொரு பெட்டி வைத்தேன். பட்டியலிலிருந்து அந்த ஊர்ப்பெயரை மட்டும் எடுக்கவில்லை. அது அவர்களுடைய ஊர், எடுக்க நான் யார்?

அந்தக் குழந்தை இப்போது நன்றாக ஓடியாடி விளையாடுகிறது. வலிப்பும் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் திரையில் ஒரு சின்னப் பெட்டியை வைக்கும்போதெல்லாம், தன் காதில் விழுந்ததைத் தள்ளிவிட்டு, முகம் திருப்பும் பிள்ளையையும் மீறி, என்னை நம்பி யாரோ ஒரு தாய் இரண்டாவது மூடியை ஊற்றிக்கொண்டிருக்கிறாள் என்ற பயம் எனக்கு வருகிறது; அந்தப் பயம் என்னை விட்டுப் போகக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.