ஒரே கப்பலில் வந்த இரண்டு டிஸ்க்குகள்

பழமொழி எனக்கு வாயில் வெற்றிலை மாதிரி. எதையாவது மென்றுகொண்டே இருப்பேன். கம்ப்யூட்டர் வேலையும் யாரும் சொல்லித்தந்து வந்ததில்லை. கழற்றிப் பார்த்துக் கற்றது. மரைன் ஹில்லில் எங்கள் வரிசையில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டது அவர் கணவர் இறந்த மறுவருடம். அந்த மனிதர் பேசிச் சிரித்த வீடியோக்கள் எல்லாம் ஒரு பழைய லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தன. வீட்டிலேயே ஒரு சேமிப்புப் பெட்டி வைக்கலாம், உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க், ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் பதிவாகும், ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும் என்றேன். "ரெண்டு கண்ணு மாதிரிக்கா!"

இந்தத் தீவில், மெயின்லேண்ட் போகிறவர் பைதான் எங்கள் கடைத்தெரு. சென்னை போயிருந்த நண்பர் ஒரே கடையில், ஒரே மாடலில் இரண்டு வாங்கி, ஒரே அட்டைப்பெட்டியில் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். அக்கா புரட்டிப் பார்த்தார். வரிசை எண்கள்கூட அடுத்தடுத்து.

"தம்பி, ரெண்டும் ஒரே கப்பல்லயா வந்துச்சு? நாங்க ஊருக்குப் போனா அவரு ஒரு கப்பல், நானும் பொண்ணும் அடுத்த கப்பல். எல்லாரும் ஒண்ணா ஏறவே மாட்டோம். இதுல ஒண்ணை வேற கடையில, வேற தடவை வாங்கலாமே?"

"அரே அக்கா, இது என்ன முங்கியா சாகப்போகுது? ரெட்டைப் பிள்ளைங்க, ஒண்ணுக்கொண்ணு துணை!"

"சலேகா, பரவாயில்ல. உனக்குத் தெரியாததா," என்று அவரும் சிரித்துவிட்டார். வீடியோக்களைப் பெட்டிக்கு மாற்றியபின் லேப்டாப்பை அழித்து மகளுக்குக் கொடுக்கச் சொன்னதும் நான்தான்.

ஒன்பதாம் மாதம் ஒரு டிஸ்க் டிக் டிக்கென்று தட்டி நின்றது. புதிதாக ஒன்று வரவழைத்து மாட்டினேன். மிஞ்சியதிலிருந்து அதற்குப் பதிவாகிக்கொண்டிருந்த பாதியில், மிஞ்சியதும் அதே டிக் டிக். சென்னைக்கு அனுப்பினோம். ஒன்றையும் மீட்க முடியாது என்று இரண்டும் திரும்பி வந்தன. ஒன்றாகச் செய்யப்பட்டவை, ஒன்றாக அலையில் உருண்டவை, ஒரே நாளில் ஓடத் தொடங்கியவை. ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். ஊரெல்லாம் நான் சொல்லித் திரிகிற பழமொழிதான்.

"எதனால தம்பி?"

"கரண்டுக்கா. வோல்டேஜ் ஏறி இறங்கி அடிச்சிடுச்சு."

அக்கா சுவரிலிருந்த ஸ்விட்சைப் பார்த்தார். "அன்னைக்கு மழையில கரண்ட் போய்ப் போய் வந்துச்சு. அணைக்கணும்னு நெனச்சேன், அடுப்பு வேலையில மறந்துட்டேன். என் கையாலயே போக்கிட்டேன்."

இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் போட்டுத் தந்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அதன்பின் தூறல் விழுந்தாலே எதிர்வீடு இருண்டுவிடும். ஃப்ரிட்ஜைக்கூட அணைத்துவிடுவார். எங்கள் ஊரில் மழைக்கா பஞ்சம்? ஜன்னலில் நின்று பார்ப்பேன். மூன்றாவது வாரம் என்னால் தாங்க முடியவில்லை. போய் உள்ளதைச் சொன்னேன்.

அக்கா கணவரின் போட்டோ பக்கம் திரும்பினார். "டிஸ்க்கு போனதை விடு. நீ தெரிஞ்சா செஞ்ச? ஆனா மூணு வாரமா நான் அவரு போட்டோகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கேன். நான் என்னையே திட்டிக்கிறது உனக்குத் தெரியும்ல தம்பி?"

"தெரியும்க்கா."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அக்கா எழுந்து ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்தி, விளக்கை எரியவிட்டபடியே வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை டீ போடவில்லை.